ஃபேஸ் இன்வெர்ட்டர் ட்யூபை மாற்றினால் கிட்டார் ஆம்பின் டோன் மாறுமா?

கேட்கப்பட்டது இதுதான்: "என் ட்யூப் ஆம்பில் பவர் ட்யூபுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சின்ன ட்யூபை ஃபேஸ் இன்வெர்ட்டர் என்கிறார்கள். அது என்ன செய்கிறது? அதை மாற்றினால் டோன் மாறுமா? 12ஏஎக்ஸ்7 இருக்கும் இடத்தில் 12ஏடி7 போடலாமா? இரண்டு பாதியும் சமமாக இருக்கும்படி பொறுக்கி எடுத்த ட்யூப் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அது தேவையா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்த சத்தத்தில், க்ளீன் டோனில் வாசிப்பவருக்கு அந்த ட்யூபை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பவர் ட்யூபுகள் திணறும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றி வாசிப்பவருக்குத் தெரியும். அப்போதும் ட்யூபின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைவிட, அந்த ட்யூபைச் சுற்றி எந்த வகை சர்க்யூட் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பொறுக்கி எடுத்த ட்யூபுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

கதை பவர் ஸ்டேஜில், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதியில் தொடங்குகிறது. ஒரே ஒரு 6வி6 பவர் ட்யூப் வைத்த ஃபெண்டர் சேம்ப் போன்ற சின்ன ஆம்புகளில் ஃபேஸ் இன்வெர்ட்டரே கிடையாது. சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்பிலிருந்து வரும் சிக்னல் நேராக அந்த ஒற்றைப் பவர் ட்யூபின் கிரிட்டுக்கு (சிக்னலை வாங்கும் முனைக்கு) போய்விடும். இரண்டோ நான்கோ பவர் ட்யூப் உள்ள ஆம்புகள் பெரும்பாலும் புஷ்-புல் வகை. பெரிய மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் இரு முனையிலும் ஆளுக்கொருவர் நின்று மாறி மாறி இழுப்பார்களே, அதே ஏற்பாடுதான். ஒரு பக்க ட்யூபில் மின்னோட்டம் ஏறும்போது மறுபக்க ட்யூபில் இறங்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்.

இது நடக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிக்னலைக் கொடுக்க முடியாது. ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் இருக்க வேண்டும். கிட்டாரிலிருந்து வருவதோ ஒரே ஒரு சிக்னல். அதை நேர், தலைகீழ் என்று இரண்டாகப் பிரித்து, பவர் ட்யூபுகளை ஓட்டத் தேவையான அளவு வோல்டேஜோடு கொடுப்பதுதான் ஃபேஸ் இன்வெர்ட்டரின் வேலை.

புஷ்-புல்லில் ஒரு வசதி உண்டு. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால், பவர் ட்யூபுகள் தாமே உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (ஸ்வரத்தின் ஃப்ரீக்வென்சிக்கு 2, 4, 6 மடங்கில் வரும் துணை ஒலிகள்) டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பவர் சப்ளையிலிருந்து வரும் ஹம் சத்தமும் பெருமளவு அப்படியே கழிந்துவிடும். கவனிக்க: ப்ரீஆம்பில் உண்டான இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் இப்படிக் கழியாது, ஏனென்றால் அவை ஏற்கெனவே சிக்னலின் பகுதியாகிவிட்டன. ஃபேஸ் இன்வெர்ட்டரின் இரு அவுட்புட்டும் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் கழிவது முழுமையாக நடக்காமல், கொஞ்சம் இரண்டாம் ஹார்மோனிக் மிஞ்சும். ஹைஃபை ஆட்களுக்கு அது குறை. கிட்டார் வாசிப்பவர்களில் பலருக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, சர்க்யூட் வகைகளுக்கு வருவோம். கிட்டார் ஆம்புகளில் மூன்று வகையைத்தான் அடிக்கடி பார்க்கலாம்.

பழையது பாராஃபேஸ். 1950-களின் முற்பகுதி வரையிலான, ட்வீட் துணி ஒட்டிய காலத்து ஃபெண்டர்களில் இது இருந்தது. ஒரு ட்ரையோடு சிக்னலைப் பெருக்கி ஒரு பவர் ட்யூபுக்குத் தரும். (ட்ரையோடு என்பது கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கிரிட்டில் வரும் சிக்னலால் கட்டுப்படுத்தும் பெருக்கி. 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன ட்யூபின் ஒவ்வொரு பாதியும் ஒரு ட்ரையோடு.) அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இரண்டாவது ட்ரையோடுக்குக் கொடுத்தால், அது தலைகீழாக்கிப் பெருக்கி மற்ற பவர் ட்யூபுக்குத் தரும். இரண்டாவது ட்ரையோடின் கெயின் (பெருக்கும் அளவு) மாறினால் சமநிலையும் மாறிவிடும். அதனால் ட்யூபுக்கு ட்யூப் குணம் மாறுகிற சர்க்யூட் இது. இன்று புதிதாக ஆம்ப் செய்பவர்கள் அநேகமாக இதைத் தொடுவதில்லை.

அடுத்தது கேத்தோடைன். இதை ஒரே ட்ரையோடில் முடித்துவிடலாம். பிளேட்டில் ஒரு ரெசிஸ்டர், கேத்தோடில் அதே மதிப்பில் இன்னொன்று. பல ஃபெண்டர்களில் இரண்டும் 56 கிலோ ஓம். ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் போகிறது. அதனால் பிளேட்டில் எவ்வளவு வோல்டேஜ் இறங்குகிறதோ கேத்தோடில் அவ்வளவு ஏறும். ஒரு பக்கம் தலைகீழ், மறுபக்கம் நேர். இரண்டு ரெசிஸ்டரும் சமமாக இருந்தால் அவுட்புட்டும் சமம். ட்யூப் புதியதா பழையதா என்பது பொருட்டே அல்ல. ஆனால் கெயின் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, அதாவது இது பெருக்காது. அதனால் அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்கித் தர ஒரு ட்ரையோடு வேண்டும். ட்வீட் டீலக்ஸ் 5இ3-யில் இரண்டாவது 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதி பெருக்குகிறது, மறு பாதி கேத்தோடைனாகப் பிரிக்கிறது. பிரின்ஸ்டன் ரிவெர்பும் கேத்தோடைன்தான்.

கேத்தோடைனுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. இருக்கிற சப்ளை வோல்டேஜை பிளேட் ரெசிஸ்டர், ட்யூப், கேத்தோடு ரெசிஸ்டர் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு அவுட்புட்டும் ஆடக்கூடிய தூரம் குறைவு. இஎல்84 என்ற சின்னப் பவர் ட்யூபை முழுதாக ஓட்ட ஏறக்குறைய 10–12 வோல்ட் உச்சம் போதும். மைனஸ் 50 வோல்ட் பயாஸில் (சிக்னல் இல்லாதபோது கிரிட்டில் நிறுத்தி வைக்கும் வோல்டேஜில்) இருக்கும் 6எல்6 என்ற பெரிய பவர் ட்யூபுக்கு அதே அளவு, அதாவது 50 வோல்ட் உச்சம் தேவை. ஆகவே சின்ன ஆம்புகளில் கேத்தோடைன் நிம்மதியாக வேலை செய்யும், பெரிய ஆம்புகளில் விளிம்பில் நிற்கும். அதற்காகப் பெரிய ஆம்புகளில் கிடையவே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 1970-களின் ஆரஞ்ச் கிராஃபிக் 120 நான்கு இஎல்34-ஐக் கேத்தோடைனை வைத்துத்தான் ஓட்டியது. அந்த ஆம்புகளின் தடித்த முரட்டுச் சத்தத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கேத்தோடைன் திணறும்போது நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டோன் என்று நாம் பேசுவது இங்கேதான் பிறக்கிறது. சிக்னல் பெரிதாகி, கேத்தோடு பக்கத்தோடு இணைந்த பவர் ட்யூபின் கிரிட் பாசிட்டிவாகிவிட்டால் அது மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் கேத்தோடு பக்கத்தின் சுமை திடீரென்று கூடிவிடுகிறது. சமநிலை உடைந்து, கேத்தோடைன் ஒரு சாதாரணக் கெயின் ஸ்டேஜ் மாதிரி நடந்துகொண்டு பிளேட்டைக் கீழே அடித்துத் தள்ளும். இன்னும் அழுத்தினால் பிளேட் இறங்கி இறங்கி, ஏறி வரும் கேத்தோடை முட்டும். அதற்கு மேல் கிரிட் கேத்தோடை மேலே தள்ள, பிளேட்டும் அதோடு சேர்ந்து மேலே போய்விடும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், பிளேட் அலையின் அடிப்பள்ளத்தில் நடுவே ஒரு கூம்பு எழும்பி நிற்பது தெரியும். காதுக்கு அது ஒரு ஆக்டேவ் மேலே கேட்கும் கரகரப்பாக வருகிறது. சிலருக்கு இது ஃபஸ் பெடல் போட்டதுபோல இனிக்கும். சிலருக்கு ஸ்பீக்கர் கிழிந்ததோ என்று சந்தேகம் வரும். பிடிக்காதவர்கள் கேத்தோடைனின் கிரிட்டுக்கு முன்னால் சில நூறு கிலோ ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் பெருமளவு அடங்கிவிடும். ட்யூப் மாற்றிப் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது லாங்-டெயில்டு பேர். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1936-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சர்க்யூட் இது. கிட்டார் ஆம்பில் இன்று மிகப் பரவலாக இருப்பதும் இதுதான். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மார்ஷல் ஜேடிஎம்45, வாக்ஸ் ஏசி30, 1960-களின் பிளாக்ஃபேஸ் ட்வின் ரிவெர்ப் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு ட்ரையோடுகளின் கேத்தோடுகளைச் சேர்த்துக் கட்டி, கீழே ஒரு பெரிய ரெசிஸ்டரை வால் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வால் மொத்த மின்னோட்டத்தைக் கிட்டத்தட்ட மாறாமல் பிடித்துக்கொள்கிறது. முதல் ட்ரையோடு கூடுதலாக எடுத்தால் இரண்டாவதுக்கு அவ்வளவு குறையும். சிக்னலைப் பிரிப்பதோடு நிற்காமல் பெருக்கவும் செய்யும். 12ஏஎக்ஸ்7 போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 25 மடங்கு கிடைக்கும்.

வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு சமநிலை. வாக்ஸில் அது 47 கிலோ ஓம், அதனால் இரண்டு பிளேட்டிலும் ஒரே 100 கிலோ ஓம் போட்டுவிட்டார்கள். பாஸ்மேனிலும் மார்ஷலிலும் 10 கிலோ ஓம்தான். இரண்டாவது ட்ரையோடு கொஞ்சம் பின்தங்கும் என்பதால் முதல் பிளேட்டில் 82, இரண்டாவதில் 100 என்று வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள். ஆம்பைத் திறந்து பார்த்து "ரெசிஸ்டர் மாறிப்போயிருக்கிறது" என்று இரண்டையும் சமமாக்கிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், அது திட்டமிட்டு வைத்தது.

இப்போது அந்தப் பொறுக்கி எடுத்த ட்யூப் விஷயம். லாங்-டெயில்டு பேரில் வால் நன்றாக வேலை செய்தால், ஒரு ட்ரையோடில் ஏறும் மின்னோட்டமும் மறு ட்ரையோடில் இறங்கும் மின்னோட்டமும் ஒன்றேதான். இரண்டு ட்ரையோடின் கெயினும் கொஞ்சம் வேறுபட்டாலும் இது மாறாது. சமநிலையைத் தீர்மானிப்பவை பிளேட் ரெசிஸ்டர்கள். பழைய ஆம்புகளில் அந்த ரெசிஸ்டர்களே 5, 10 சதவீதம் முன்பின்னாக இருக்கும். கேத்தோடைனில் பிரிக்கும் வேலையைச் செய்வது ஒரே ட்ரையோடு. அதை எதோடு ஜோடி சேர்ப்பது? ட்ரையோடுகளின் சமநிலை உண்மையில் முக்கியமாகும் பாராஃபேஸ் உங்கள் ஆம்பில் இருக்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் காசு கொடுக்க வேண்டாம் என்றேன். ட்யூப் நல்லதாக, ஷார்ட் இல்லாமல், இரண்டு பாதியும் உயிரோடு இருந்தால் போதும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஃபேஸ் இன்வெர்ட்டருக்குப் பிறகு பெருக்கல் அதிகம் நடப்பதில்லை. முதல் ஸ்டேஜில் போட்டால் இரையும் ட்யூப், விரலால் தட்டினால் மணியடிக்கும் ட்யூப் இரண்டையும் இந்த இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம். அமைதியான ட்யூபை முதல் சாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏடி7 போடலாமா என்றால், போடலாம். பின் அமைப்பு ஒன்றுதான், ஹீட்டர் மின்னோட்டமும் 6.3 வோல்டில் 300 மில்லி ஆம்பியர் என்று ஒன்றே. பெருக்கும் திறன் 12ஏஎக்ஸ்7-க்கு 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 40-ஐ ஒட்டி, 12ஏயு7-க்கு 20-க்குள். ஆனால் வெறும் இந்த எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. 12ஏடி7-இன் உள் மின்தடை குறைவு, கூடுதல் மின்னோட்டத்தில் வேலை செய்யக்கூடியது, அதனால் பவர் ட்யூபுகளின் கிரிட்டை இன்னும் திடமாக ஓட்டும். பிளாக்ஃபேஸ் ஃபெண்டர்களில் வாலை 22 கிலோ ஓமாக வைத்து 12ஏடி7-ஐயே போட்டிருப்பதும், அந்த ஆம்புகள் க்ளீனாக வெகுதூரம் போவதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதில் 12ஏஎக்ஸ்7 போட்டால் வால்யூம் திருகில் கொஞ்சம் முன்னாலேயே உடைய, அதாவது டிஸ்டார்ட் ஆகத் தொடங்கும். மார்ஷலில் 12ஏடி7 போட்டால் கொஞ்சம் வறண்டு, இறுக்கமாக, விரலுக்கு விறைப்பாக இருக்கும். 12ஏயு7 போட்டால் கெயின் வெகுவாக விழுந்துவிடும். பெரிய பவர் ட்யூபுகள் முழு அளவுக்குப் போகாமலே நிற்கலாம். வீட்டுக்குள் வாசிக்க அது சிலருக்குச் சௌகரியம், எனக்குச் சப்பென்று இருக்கும். கேத்தோடைன் ஆம்பில் ட்யூப் மாற்றிய பிறகு கேட்கும் வித்தியாசமெல்லாம் முன்னால் இருக்கும் கெயின் ட்ரையோடின் வேலை. பிரிக்கும் பாதி எந்த ட்யூபானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

ட்யூப் மாற்றியும் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதற்கு நெகட்டிவ் ஃபீட்பேக் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான ஃபெண்டர், மார்ஷல் ஆம்புகளில் ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்து சிக்னலின் ஒரு பங்கு ஃபேஸ் இன்வெர்ட்டரின் வாலுக்குத் திரும்பி வருகிறது. இங்கே கெயின் கூடினால் ஃபீட்பேக்கும் கூடி அதை இழுத்துப் பிடிக்கும். க்ளீனாக இருக்கும்வரை 100-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இப்படிக் கரைந்துபோகும். பவர் ட்யூப் கிளிப் ஆகத் (அலையின் உச்சி வெட்டுப்படத்) தொடங்கியதும் ஃபீட்பேக் கையை விட்டுவிடும், அப்போதுதான் மாற்றம் வெளியே வரும். மார்ஷலின் பிரசென்ஸ் திருகும் இதே இடத்தில்தான் இருக்கிறது: உயர் ஃப்ரீக்வென்சிகளில் மட்டும் ஃபீட்பேக்கைக் குறைக்கிறது. ஏசி30-இல் ஃபீட்பேக்கே இல்லை, அதனால் ட்யூப் மாற்றம் நேரடியாகக் கேட்கும். அதன் கட் திருகு ஃபேஸ் இன்வெர்ட்டரின் இரு அவுட்புட்டுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டரோடு உட்கார்ந்திருக்கிறது. நேரும் தலைகீழும் சந்தித்தால் கழிந்துவிடும் அல்லவா, அந்த உத்தியை ட்ரெபிளுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு வெறும் பொட்டென்ஷியோமீட்டரை மட்டும் வைத்தால் மொத்தச் சத்தமும் குறையும். ஃபேஸ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைக்கும் மாஸ்டர் வால்யூமின் எளிய வடிவம் அது. ஜேசிஎம்800 2203 போன்ற ஆம்புகளில் மாஸ்டர் வால்யூம் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதைக் குறைத்து வாசித்தால் ப்ரீஆம்ப் மட்டுமே டிஸ்டார்ட் ஆகும், ஃபேஸ் இன்வெர்ட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வைத்தால் ஃபேஸ் இன்வெர்ட்டரும் சேர்ந்து உடையும், பவர் ட்யூபுகள் மட்டும் அமைதியாக இருக்கும். குறைந்த சத்தத்தில் கொஞ்சம் தடிமன் கிடைக்கும். முழு ஆம்பையும் திருகி வாசிப்பதற்கு அது ஈடாகாது, ஆனால் ஃபேஸ் இன்வெர்ட்டரின் டிஸ்டார்ஷன் தனியாக எப்படி ஒலிக்கும் என்று கேட்க அதைவிட நல்ல வழி இல்லை.

டோனுக்கு ட்யூபைவிட முக்கியமான இன்னொன்று, ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து பவர் ட்யூபுக்குப் போகும் கப்ளிங் கெபாசிட்டர். பவர் ட்யூபின் கிரிட் மின்னோட்டம் இழுக்கும்போது இந்தக் கெபாசிட்டர் சார்ஜ் ஆகி, பயாஸை இன்னும் நெகட்டிவாகத் தள்ளிவிடும். அது வடியும்வரை சத்தம் அடைத்ததுபோல இருக்கும், ஸ்வரத்தின் நுனியில் ஒரு பொருபொருப்பு வரும். 0.1 மைக்ரோ ஃபாரட், 220 கிலோ ஓம் என்றால் வடியும் கால அளவு 22 மில்லி செகண்ட். பின்னர் வந்த மார்ஷல்களில் உள்ள 0.022 என்றால் 5-க்கும் குறைவு. ஓவர்டிரைவில் மார்ஷல் சட்டென்று நிமிர்ந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓவர்டிரைவில் பாஸ் குழைகிறது என்று ட்யூப் ட்யூபாக வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நீங்களே அளந்து பார்ப்பதாக இருந்தால், ஆம்பை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் 400 வோல்டுக்கு மேல் நிற்கலாம், வடித்த பிறகே கை வைக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ட்யூபை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் அணைத்து, ஆறவைத்து, ஸ்பீக்கர் கழன்றுவிடாமல் பார்த்துச் செய்யுங்கள். பழக்கம் உள்ளவர்களைக்கூடக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. லாங்-டெயில்டு பேரின் கிரிட்டில் மல்டிமீட்டர் வைத்தால், கேத்தோடைவிடப் பல வோல்ட் கீழே காட்டும், ட்யூப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கிரிட்டுக்கு வோல்டேஜ் வருவது 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக. மீட்டரின் 10 மெகா ஓம் சுமையே அதில் கிட்டத்தட்ட பதினொன்றில் ஒரு பங்கை இறக்கிவிடுகிறது. உண்மையான பயாஸ் தெரிய வேண்டுமானால் கேத்தோடில் இருக்கும் 470 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையில் அளந்தால் போதும்.

பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் இதே அறிவு உதவும். ஃபேஸ் இன்வெர்ட்டரின் ஒரு பாதி செத்துவிட்டால் ஆம்ப் முழுதாக ஊமையாகாது. சத்தம் பலவீனமாகி, கொஞ்சம் கூட்டியதும் அசிங்கமாக உடையும். பவர் ட்யூபுகளின் பயாஸை அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் டிசி-யைக் கப்ளிங் கெபாசிட்டர் தடுத்துவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் அந்தச் சின்ன ட்யூபை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பிளேட் ரெசிஸ்டர்கள். மாறாக ஒரு பவர் ட்யூப் மட்டும் சிவந்து எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, ஆறியபின் இரண்டு பவர் ட்யூபையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு ட்யூபோடு போனால் ட்யூப் பழுது. அதே சாக்கெட்டில் நின்றால் கெபாசிட்டர் கசிகிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஃபிக்ஸட் பயாஸ் (கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்டேஜ் கொடுக்கும்) ஆம்பானால் பவர் ட்யூபுகளைக் கழற்றிவிட்டு இரண்டு சாக்கெட்டிலும் கிரிட் வோல்டேஜை அளந்து பாருங்கள், 6எல்6-க்கும் இஎல்34-க்கும் 5-ஆவது பின். ஒன்று மைனஸ் 50 என்று காட்ட மற்றது மைனஸ் 42 என்று காட்டினால், அந்தப் பக்கத்துக் கெபாசிட்டரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் மிச்சம் தெரிந்துவிடும்: இரண்டும் ஒன்றாகிவிட்டால் கசிந்தது அந்தக் கெபாசிட்டர்தான்.